வி.ஆர். ஹெட்செட் எல்லார் வீட்டுக்கும் எப்போ வரும்? இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



"இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லார் வீட்லயும் வி.ஆர். ஹெட்செட் இருக்கும், இப்பவே இ.எம்.ஐ.ல எடுத்துடலாமா சார்?" இந்தக் கேள்வியை பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறவங்களும் கேட்கிறாங்க, சென்னைக்குப் போன நெல்லைக்காரங்களும் கேட்கிறாங்க. என் பதில்: ரெண்டு வருஷத்துல வராது.

விலை குறைஞ்சா எல்லாரும் வாங்கிடுவாங்கன்னு நினைக்கிறோம். அதையும்தான் செஞ்சு பார்த்தாச்சே! 2014-ல் கூகுள் 'கார்ட்போர்டு'ன்னு ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தது. நம்ம போனை உள்ளே சொருகினா வி.ஆர். ரெடி. விலை சில நூறு ரூபாய்தான். 2021-ல் கூகுள் அதன் விற்பனையை நிறுத்திடுச்சு. 2023-ல் ஐ.பி.எல். பார்க்கறதுக்குன்னே 'ஜியோ டைவ்' 1,299 ரூபாய்க்கு வந்தது. உங்க தெருவில் எத்தனை வீட்டில் அது இருக்கு?

இதே ஜியோ 2016 செப்டம்பரில் மலிவா டேட்டா கொடுத்தப்போ கதையே வேற. கரண்ட் பில், பேங்க் வரிசை, நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்னு தினசரி அலைச்சலை போன் குறைச்சது. அதனாலதான் கஷ்டப்பட்டாவது வாங்கினோம். ஹெட்செட் நம்மளோட எந்த அலைச்சலையும் இன்னும் குறைக்கல. ஒரு டி.வி. வாங்கினா ஆச்சியிலிருந்து பேரன் வரைக்கும் உட்கார்ந்து பார்க்கலாம். ஹெட்செட்டில் ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான். குவெஸ்ட் 3-ன் எடை 515 கிராம். அரைக் கிலோ அல்வா பொட்டலத்தை நெத்தியில் கட்டிக்கிட்ட மாதிரி! அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில், கண்ணாடி போட்டவங்க பாடு இன்னும் திண்டாட்டம்.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜோடியின் கல்யாண வரவேற்பு மெட்டாவெர்ஸில் நடந்தது ஞாபகம் இருக்கா? அதில் கலந்துக்க ஹெட்செட் தேவைப்படல. போனும் லேப்டாப்பும் போதுமா இருந்தது.

கம்பெனிகள் பக்கம் பார்த்தா, மெட்டாவின் (அப்போ ஃபேஸ்புக்) 2014 ஆக்குலஸ் டீல் 200 கோடி டாலர். அந்த வி.ஆர். பிரிவுக்கு 2024-ல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம். நம்ம காசில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். ஆப்பிள் விஷன் புரோ 3,499 டாலர், அதாவது கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய். இந்த நஷ்டத்தை அவங்களால தாங்க முடியும். நம்மால?

என் கணிப்பு: இது முதல்ல பயிற்சிக் கூடங்களுக்கு வரும். மருத்துவம், வெல்டிங், தீயணைப்பு மாதிரி தப்பு செஞ்சு பழக முடியாத வேலைகளில் இதுக்கு நிஜமான பயன் இருக்கு. சென்னை ஐ.ஐ.டி.யில் இதுக்குன்னே எக்ஸ்டிக் மையம் இயங்குது. வீடுகளுக்கு 2030-க்குள் பரவலா வரும்னு நான் நம்பல. வந்தாலும் மூக்குக்கண்ணாடி வடிவத்தில்தான் வரும்னு தோணுது. ரேபான் மெட்டா 2025 மே மாதம் இந்தியாவில் 29,900 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதில் கேமரா, ஸ்பீக்கர், ஏ.ஐ. எல்லாம் உண்டு, ஆனா திரை கிடையாது. அதனால அது வி.ஆர். ஆகாது. வண்ணார்பேட்டையில் ஹெட்செட் ரிப்பேர் கடையும் செகண்ட் ஹேண்ட் விலையும் எப்போ வருதோ, அப்போ பேசலாம்.

ஆசையா இருந்தா ஏதாவது மால் கேம் சோனில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்க. தலை சுத்தலன்னா, காசு சேர்த்து மொத்தமா வாங்குங்க. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யை நம்பிடாதீங்க. கிரெடிட் கார்டில் வட்டியைத் தள்ளுபடியா காட்டினாலும், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க பில்லில் வரும், பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து வரும். ஆபீஸ் வேலைக்குத்தான் வாங்கினேன்னு சொல்லி சம்பளத்தில் வரிக் கழிவும் கேட்க முடியாது.

அப்புறம், மெட்டாவெர்ஸ் டோக்கன் வாங்கி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டீசென்ட்ராலேண்டின் 'மானா' 2021 நவம்பரில் 5 டாலரைத் தாண்டியது. 2022 டிசம்பரில் அரை டாலருக்கும் கீழே. லாபத்தில் வித்தா 30% வரி. நஷ்டத்தில் வித்தா அதை வேறு கிரிப்டோ லாபத்தில்கூட கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஆனாலும் வித்த கணக்கை ரிட்டர்னில் காட்டியே ஆகணும். எக்ஸ்சேஞ்ச் ஸ்டேட்மென்ட்டை இப்பவே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.