கொண்டலை அளந்த ஒளி

கீழ்த்திசைக் காற்றைக் கொண்டல் என்றும், வடதிசைக் காற்றை வாடை என்றும் பெயரிட்டு அழைத்தனர் நம் முன்னோர். அவை எவ்வுயரத்தில் எத்துணை விரைவுடன் செல்கின்றன என்று அளக்க அவர்களிடம் கருவி இல்லை. ஊவா மலைநாட்டினருக்கோ அவ்வளவு இன்றியமையாதது. ஆண்டிறுதியில் அக்காற்றுகள் வங்கக் கடலினின்று சுமந்து வரும் நீரே இங்குப் பெருமழையாகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, நெடுமழையில் ஊறிய மலைச்சரிவு கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்ட லயன்களை மூடியதை நாம் மறந்திலோம்.

நிலத்தினின்று பலூன் விட்டுக் காற்றை அளக்கலாம்; கடல்மேல் யார் விடுவார்? குளிர்நாடுகளில் அழுத்தத்தைக் கொண்டே காற்றைப் பெரும்பாலும் கணித்துவிடுவர். நடுக்கோட்டை அண்டிய நம் நாட்டில் அம்முறை நன்கு பலிப்பதில்லை; காற்றை நேரே அளத்தல் வேண்டும்.

அதனைச் செய்யவே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2018 ஆகஸ்ட் 22இல் ஏயோலஸ் என்னும் செய்மதியை ஏவியது. கிரேக்கர் கதையில் காற்றுகளைக் காவல் செய்பவன் பெயர் அது. ஏறத்தாழ 320 கிலோமீற்றர் உயரத்தினின்று வினாடிக்கு ஐம்பது முறை புறவூதா லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சிற்று. காற்றின் மூலக்கூறுகளிலும், மிதக்கும் தூசியிலும், முகிற்றுளிகளிலும் பட்டுச் சிறிதளவு ஒளி மீளும். தெமோதரையில் கூவிக்கொண்டு நெருங்கும் புகையிரதத்தின் ஒலி உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்பதை மாணவர் அறிவர். ஒளிக்கும் அவ்வியல்புண்டு. ஆனால் ஒளியின் வழியே வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் இயங்கும் காற்றால் அதிர்வெண்ணில் நேரும் மாற்றம், ஏறக்குறைய பதினைந்து கோடியில் ஒரு பங்கே! மீண்ட ஒளியின் வலிமையோ தூசி எங்கே, எவ்வளவு செறிந்துள்ளது என்பதையும் காட்டிற்று.

ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு நிலையம் 2020 சனவரியில் இவ்வளவைகளைத் தன் கணிப்பிற் சேர்க்கத் தொடங்கியது. வெப்பமண்டலத்தில் பயன் சிறப்பாகத் தென்பட்டது. 2023 ஏப்ரல் 30இல் அளவீடு நின்றது. சூலை 28இல் செய்மதி அந்தாட்டிக்காவின்மேல் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தது. அடுத்ததனை 2034இல் ஏவ எண்ணியுள்ளனர்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். அடர்ந்த முகிலை இவ்வொளி ஊடுருவாது. மீரியபெத்தயின்மேல் மழை கொட்டும் வேளையில் அதற்குக் கண் தெரியாது. கடல்மேல் வானம் வெளுத்திருக்கும் முன்னாட்களிலேயே அது காற்றைக் காணும். முன்னறிவிப்புச் சிறிது திருந்தும். மண் எவ்வளவு நீர் குடித்தது என்பதை மலையில் வைத்த மழைமானியைக் கொண்டே கணிக்க வேண்டும். அச்சரிவு ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபரிலும் லயன்கள் அங்கேயே இருந்தன.