மேடைக் குரலும் ஒலிபெருக்கியும்

1739-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விட்பீல்டு என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகருக்கு வந்து, நீதிமன்றப் படிகளின்மேல் நின்று பிரசங்கம் செய்தார். திரண்டிருந்த ஜனங்களுள் பெஞ்சமின் பிராங்கிளினும் ஒருவர். ஏனையோர் பிரசங்கத்தின் பொருளில் ஆழ்ந்திருக்க, அவரோ அக்குரல் எட்டுந் தொலைவை அளக்கப் புகுந்தார். தெருவழியே ஆற்றை நோக்கிப் பின்வாங்கி நடந்து, குரல் தெளிவிழக்கும் இடத்தைக் கண்டு, அத்தொலைவை ஆரமாக உடைய அரைவட்டமொன்றை மனத்தில் அமைத்து, ஆளொருவர்க்கு இரண்டு சதுர அடி வீதம் கணக்கிட, 30,000-க்கு மேற்பட்டோர் அக்குரலைக் கேட்கலாகும் என்று துணிந்தார். குரல் மறைந்ததற்குத் தொலைவு மட்டுமன்றி, ஆற்றையடுத்த தெருவின் இரைச்சலும் காரணமென்று அவர் குறித்திருப்பது யாம் இங்கு உற்றுநோக்கத் தக்கதாம்.

ஒலியானது திறந்த வெளியில் எப்புறமும் பரவிச் செல்லும் இயல்பினது. தொலைவு இரட்டிக்குந்தோறும் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். அளவையால் கூறின், 6 டெசிபல் இறங்கும். ஒரு மீட்டர் தொலைவில் 80 டெசிபலாக ஒலிக்கும் உரத்த குரல், 64 மீட்டர் தொலைவில் 44 டெசிபலாய்த் தேய்ந்துவிடும். பெருங்கூட்டத்தின் சலசலப்பே அதனை விழுங்கப் போதுமானது. விட்பீல்டைப் போன்ற தொண்டை வாய்த்தவர் எத்துணைப் பேர்? ஆதலின், கேட்போர் தொகை பெருகப் பெருக, மனிதக் குரலுக்கு ஒரு துணை வேண்டுவதாயிற்று.

அத்துணையை ஆக்கியோருள் முதன்மையானவர், கலிபோர்னியா மாகாணத்து நாப்பா நகரில் உழைத்த பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர். அவர்தம் கருவி 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தின நாள் மாலையில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்திற்குப் பேச்சையும் பாட்டையும் எடுத்துச் சென்றது. 1919-ஆம் ஆண்டு செப்டம்பரில், சான் டியேகோ நகரத்து அரங்கில், குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் கண்ணாடிக் கூண்டொன்றினுள் நின்று ஏறக்குறைய 50,000 பேர்க்கு அதன் வாயிலாகவே உரையாற்றினார்.

ஈண்டுப் பெயர்களைப்பற்றி ஒரு சொல். 'ஒலிபெருக்கி' என நாம் வழங்கும் கருவி உண்மையில் எதனையும் பெருக்குவதன்று. ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னலையாக மாற்றுகின்றது. ஆம்ப்ளிபயர் அம்மின்னலையைப் பெருக்குகின்றது. ஒலிபெருக்கியோ பெருகிய மின்னலையை மீண்டும் காற்றின் அதிர்வாக்கி விடுகின்றது. பெருக்குந் தொழில் நடுவில் நிற்பதற்கே உரியது. பெயரைக் கடைசியில் நிற்பது தட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சேர்த்து 'மைக் செட்' என்று சொல்லிவிடும் ஊரார் வழக்கு நம் புலமை வழக்கினும் பிழை குறைந்தது போலும்!

இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்தவிடத்து ஓர் இடர் தோன்றும். ஒலிபெருக்கியினின்று புறப்பட்ட ஒலி மீண்டும் ஒலிவாங்கியுட் புகுமாயின், அது மறுபடியும் பெருக்கப்பட்டு வெளிவரும். வெளிவந்தது மறுபடியும் புகும். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வருவது முன்னையதினும் வலிதாயின், ஏதேனும் ஒரு சுருதி மட்டும் கணப்பொழுதில் மேலோங்கிக் காது பிளக்கக் கூவும். கூட்டங்களில் மைக் கூவக் கேளாதார் யாவர்? எனவே, ஒலியை எவ்வளவு பெருக்கலாம் என்பதற்கு ஆம்ப்ளிபயரின் ஆற்றல் மட்டும் எல்லையன்று. பேசுவோர் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும், ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள இடைவெளிகளும் எல்லை வகுப்பனவாம். பேசுவோர் ஒரு சாண் தொலைவிலிருந்து நான்கு விரற்கடைக்கு நெருங்கி வருவது, ஆம்ப்ளிபயரை மாற்றுவதினும் பெரும்பயன் தருவதுண்டு.

இசையரங்குகளில் இக்கலை எத்துணைப் பிற்பட்டிருந்தது என்பதை 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் உலகறிந்தது. பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் நியூயார்க்கு நகரத்து ஷே விளையாட்டரங்கில் ஏறக்குறைய 55,600 பேர் முன்னிலையில் பாடினர். அவர்தம் கித்தார்களுக்கென 100 வாட் ஆம்ப்ளிபயர்கள் தனியே செய்விக்கப்பட்டிருந்தன. குரலோ, பந்தாட்ட அறிவிப்புக்களுக்கென அரங்கில் அமைந்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியாகவே சென்றது. இளைஞரின் ஆரவாரம் அனைத்தையும் மூழ்கடித்தது. பாடுவோர் தம் குரலைத் தாமே கேளாராயினர். முரசு முழக்கிய ரிங்கோ ஸ்டார் தோழரின் உடலசைவைப் பார்த்தே பாட்டின் போக்கை உய்த்துணர வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வந்தோர்க்கும் கேட்கவில்லை, பாடியோர்க்கும் கேட்கவில்லை எனின், அதனை இசையரங்கென்று எங்ஙனம் கூறுவது? ஆற்றலை இரட்டித்தாலும் 3 டெசிபலே ஏறும். செவிக்கு இருமடங்காகத் தோன்றவேண்டின் ஏறத்தாழப் பதின்மடங்கு ஆற்றல் வேண்டும். அன்றிருந்த கருவிகள் அவ்வளவிற்கு அணித்தாகவும் வரவில்லை.

இக்குறையை நீக்க முயன்றோர் பலர். 1969-ஆம் ஆண்டு உட்ஸ்டாக் பெருவிழாவிற் பில் ஹான்லி என்பார் உயர்ந்த கோபுரங்களின்மேல் ஒலிபெருக்கிகளை ஏற்றிச் சில லட்சம் பேர்க்கு இசையைச் சேர்ப்பித்தார். எனினும், எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது 1974-ஆம் ஆண்டில் கிரேட்புல் டெட் என்னும் அமெரிக்கக் குழுவினர் எழுப்பிய 'ஒலிச் சுவர்' ஆகும். ஔஸ்லி ஸ்டான்லி என்பவர் வகுத்த கருத்தைத் தழுவி, ஏறக்குறைய 600 ஒலிபெருக்கிகளைச் சுவர்போல் அடுக்கி, 26,000 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலால் அவற்றை இயக்கினர். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி அடுக்கு. கித்தாரின் ஒலியும் குரலும் ஒரே ஒலிபெருக்கியிற் கலந்து ஒன்றையொன்று கெடுக்க இடமில்லை.

வியப்பு யாதெனின், அச்சுவர் பாடுவோரின் முன்னே நில்லாது பின்னே நின்றது. அவையோர் கேட்பதையே பாடுவோரும் கேட்கவேண்டும் என்பது நோக்கம். அங்ஙனமாயின், சுவரின் பேரொலி நேரே ஒலிவாங்கியிற் புகுந்து கூவாதோ? அதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. ஒவ்வொரு பாடகர்க்கும் இரண்டு ஒலிவாங்கிகளை மேலுங் கீழுமாக இணைத்து, ஒன்றன் மின்னலையை மற்றொன்றிற்குத் தலைகீழாக்கிச் சேர்த்தனர். பின்னிருந்து வரும் பேரொலி இரண்டிலும் ஒப்பப் புகுதலின், ஒன்றையொன்று அழித்து ஒழியும்; பாடகர் வாய்வைத்துப் பாடும் ஒலிவாங்கியில் மட்டும் குரல் மிகுந்து புகுதலின், அஃது எஞ்சி நிற்கும். குரலின் இனிமை இதனாற் சற்றே மெலிந்ததென்பர். ஆயினும் கூச்சல் அடங்கிற்று. இத்துணைப் பெரிய சுமையை ஊர்தோறும் ஏற்றி இறக்கும் செலவு தாங்காமையின், அவ்வாண்டு அக்டோபருக்குப்பின் ஒலிச்சுவர் கைவிடப்பட்டது. பிற்காலத்தார் பாடகரின் காலடியிற் சிறு மானிட்டர்களை வைத்தனர். இக்காலத்திலோ பலர் காதினுள்ளேயே அவற்றைச் செருகிக்கொள்கின்றனர்.

சுவர் போயினும் அதன் அடுக்கு முறை போகவில்லை. ஒலிபெருக்கிகளை நெடுக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி நிறுத்தினால், ஒலி மேலுங் கீழும் சிதறாது அவையோரை நோக்கிச் செல்லும். ஓர் எல்லைவரை தொலைவு இரட்டிக்குந்தோறும் 6-க்கு மாறாக 3 டெசிபலே குறையும். இதனை 1990-களின் தொடக்கத்திற் பிரான்சு நாட்டுக் கிறிஸ்தியான் ஹைல் செப்பஞ் செய்தார். இன்று பெரிய மேடைகளின் இருமருங்கும் வாழைத்தார்போல் வளைந்து தொங்குபவை அவ்வகையினவே.

பின்வரிசையோர்க்கு உதவ நடுவிற் கோபுரம் நிறுத்துவோர் மற்றொரு கணக்கும் போடவேண்டும். மின்னலை கம்பியில் நொடிப்பொழுதும் தாழாது ஓடும். காற்றில் ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டரே செல்லும். 100 மீட்டர் தொலைவிலுள்ள கோபுரம் உடனே ஒலிக்குமாயின், மேடையொலி 0.29 நொடி பிந்தி வந்து, ஒவ்வொரு சொல்லும் இரண்டாய்க் கேட்கும். ஆதலின், கோபுரத்து ஒலியை அக்கால அளவு நிறுத்தி வைத்து விடுக்கின்றனர். அதன்மேல் 10 அல்லது 15 மில்லி நொடி கூட்டுவதுமுண்டு. முதலில் வந்த ஒலி எத்திசையதோ அத்திசையினின்றே அனைத்தும் வருவதாக நம் செவி கொள்ளும் என்பதை ஹெல்மூட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949-இல் ஆராய்ந்து காட்டினார். கோபுரத்தருகே நிற்பவரும் பாடகர் மேடையிலிருந்தே பாடுவதாக உணர்வது இதனாலேயே.

இவையனைத்தையும் ஆள்பவர் மேடையில் இல்லை. அவையின் நடுவே மிக்சர் பலகையின்முன் நிற்கின்றார். அவர்தம் வேலை கூட்டுவதே எனப் பலர் கருதுவர். குரல் தெளியாவிடின், குரலை ஏற்றுவதினும் முரசையும் கித்தாரையும் தாழ்த்துவதே நன்று என்பது எம் கருத்து. 100 டெசிபல் ஒலியை நாளொன்றுக்குக் கால்மணிநேரத்துக்கு மேற் கேட்டல் செவிக்கு ஊறென அமெரிக்க நாட்டுத் தொழிற்சுகாதார ஆய்வாளர் வரையறுத்துள்ளனர். இசையரங்கோ மூன்றுமணி நீள்வது. வெப்பமும் அவர் கணக்கினுட் பட்டதே. 30 பாகை வெம்மையில் நொடிக்கு 349 மீட்டர் ஓடிய ஒலி, 20 பாகையில் 343 மீட்டரே ஓடுமாதலின், பகலில் வைத்த கால அளவு இரவிற்குச் சரிப்படாது. பொழுது சாய்ந்து காற்றுக் குளிர்ந்தபின் கோபுரங்களின் கணக்கை அவர் மீளவும் திருத்தியமைப்பர்.