டிப்ரெஷன் மாத்திரையும் காந்த சிகிச்சையும்: டாக்டர் ஏன் கட்டைவிரலைப் பார்க்கிறார்?

டிப்ரெஷனுக்கு டிஎம்எஸ் எனும் காந்தத் தூண்டல் சிகிச்சைக்குப் போகிறீர்கள். தலையில் 8 வடிவக் கம்பிச்சுருளை வைக்கிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். டாக்டரின் கண் உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்தால் விரலை ஏன் பார்க்கணும்?

1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய நுட்பம் இது. சுருளில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவாகப் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உருவாக்கும். அது மண்டையோட்டைக் கடந்து மூளை நரம்புகளைத் தூண்டும். கையை இயக்கும் பகுதியில் தட்டினால் விரல் துடிக்கும். பத்து முறை தட்டினால் ஐந்து முறையாவது துடிக்க எவ்வளவு வலிமை தேவையோ, அதுதான் 'மோட்டார் த்ரெஷோல்டு'. மூளை எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்பதற்கான அளவுகோல். அமெரிக்காவின் எஃப்டிஏ 2008-ல் அனுமதித்த சிகிச்சை முறையில், இந்த அளவின் 120 சதவீதத்தில்தான் நெற்றியின் இடப்பக்கம் துடிப்புகள் தரப்படுகின்றன.

இங்கேதான் மாத்திரை குறுக்கே வருகிறது. கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்துகள் த்ரெஷோல்டை உயர்த்தும். இது தெளிவாகத் தெரிந்த விஷயம். மூட் மாறாட்டத்துக்கும் இவற்றைத் தருவதுண்டு. சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற டிப்ரெஷன் மாத்திரைகளின் கதை இவ்வளவு நேரானது இல்லை. ஒரே ஒரு டோஸ் போட்டவரிடம் தெரியும் விளைவும், வாரக்கணக்கில் சாப்பிடுபவரிடம் தெரியும் விளைவும் ஒன்றாக இருப்பதில்லை. செரோடோனின் கூடினால் மூளை 'ஆன்', குறைந்தால் 'ஆஃப்' என்று சுவிட்ச் கணக்கு போட முடியாது.

பியூப்ரோபியான் போன்ற சில மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. டிஎம்எஸ்-ஸில் வலிப்பு மிக அரிது. ஆனாலும் தூக்கம் கெட்ட இரவு, அளவுக்கு மீறிய மது இரண்டும் அந்த ஆபத்தைக் கூட்டும். விரல் துடிப்பை வைத்து வலிப்பு வாய்ப்பைக் கணிக்கவும் முடியாது. இரண்டும் வேறு வேறு.

'அப்போ மாத்திரையை நிறுத்திட்டுப் போகலாமா?' கூடவே கூடாது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை வரலாம், டிப்ரெஷனும் திரும்பலாம். பலர் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டேதான் இந்த சிகிச்சையை எடுக்கிறார்கள். நடுவில் டோஸ் மாறினாலோ, புது மருந்து சேர்ந்தாலோ, அடுத்த அமர்வு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விரலை வைத்து மறுபடி அளந்து, மெஷினை மாற்றி அமைக்க ஒருசில நிமிடங்கள் போதும்.