செருகலும் கழற்றலும்

ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளியொன்றின் கணினி அறை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்று வாரம் உழைத்து முடித்த செயல்திட்ட அறிக்கையை விரலியில் படியெடுத்தாள். பணி முடிந்ததாகத் திரை காட்டியது. பொதுக்கணினி என்பதால் மூலக்கோப்பை அழித்தாள். மணி அடிக்கவே, விரலியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் பார்த்தபோது கோப்பின் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அருகிலிருந்த எனக்கு ஆறுதல் சொல்லவும் வாய் எழவில்லை.

திரை பொய் சொன்னதா? இல்லை, உண்மையில் பாதியைச் சொன்னது.

வழக்கமான யுஎஸ்பி செருகியை உற்றுநோக்குங்கள். நான்கு தகடுகளில் ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளமானவை. அவை மின்சாரத்திற்கு உரியவை. நடுவில் உள்ள இரண்டும் தரவிற்கு. ஆகவே செருகும்போது முதலில் மின்சாரமும் பின்னரே தரவும் இணைகின்றன. கழற்றும்போது தரவுத்தொடர்பு முதலில் அறுகிறது. இணைந்த கருவி, தரவுக்கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையை அறிவிக்கிறது. இயக்க அமைப்பு அதற்கு 1 முதல் 127 வரையிலான எண்களுள் ஒன்றை முகவரியாக வழங்கி, 'நீ யார்?' என வினவுகிறது. கருவி கூறும் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் கொண்டு, அதற்குரிய இயக்கி மென்பொருள் தேடப்படுகிறது.

1996இல் வெளிவந்த இத்தரத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், வதோதராவில் பயின்று இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். தொடக்கத்தில் தடுமாற்றமும் இருந்தது. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் முன்னிலையில், விண்டோஸ் 98 இயங்கிய கணினியில் வருடி ஒன்றைச் செருகியதும் கணினி நிலைகுலைந்து நீலத்திரை காட்டியது. அரங்கம் சிரித்தது!

வருகையைக் காட்டிலும் பிரிவே சிக்கலானது. முன்னறிவிப்பின்றி நேர்வது அது. விரலியில் எழுதுவது மெதுவான வேலை. எனவே இயக்க அமைப்பு தரவை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, 'முடிந்தது' எனக் கூறிவிட்டுப் பின்னர் சிறிது சிறிதாக எழுதுகிறது. அம்மாணவியின் கோப்பு அந்த இடைவெளியில்தான் சிக்கியது. பாதுகாப்பாக நீக்கும் கட்டளையை அளித்தால், நிலுவையிலுள்ளவை முழுதும் எழுதப்பட்ட பின்னரே விடை தரப்படும். 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், விரலிகளுக்கு இவ்வாறு தேக்கிவைக்கும் முறை இயல்பாகவே நிறுத்தப்பட்டுள்ளது. ஆயினும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் இழப்பு உறுதி.

அரசு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைக் கண்டிருப்பீர்கள். சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அதில், கோப்பு திறந்திருக்கையில் விரலியைப் பிடுங்கி மீண்டும் செருகினால், பழைய பெயர் இன்னும் விடுபடாததால் 'எஸ்டிபி'யாக இருந்தது 'எஸ்டிசி'யாகத் தோன்றக்கூடும். கருவி பழையதுதான், இயக்க அமைப்பிற்கோ அது புதிய விருந்தாளி. திறந்திருந்த நிரல் பழைய பெயரையே பற்றிக்கொண்டு பிழைச்செய்தி காட்டும். அதை மூடிவிட்டுக் கோப்பை மறுபடி திறக்கவேண்டும்.