சர்வரை யார் பார்த்துக்கொள்வது?

மேகத்தில் குடியேறியவர்கள் – 7

கோடு எழுதுகிறவர்களும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் ஒரே மேஜைக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும் 2009 ஜூனில் மேடையேறி, ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் புதிய கோடை ஏற்றுகிறோம் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கூடியவர்கள் இந்தப் போக்குக்கு டெவ்ஆப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சமரசத்தில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. சர்வர்கள் தங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. அவை இன்னொருவருடையவை ஆகிவிட்டால், பார்த்துக்கொள்ளும் வேலை என்ன ஆகும்? இதற்கு ஏழாண்டுகள் செலவழித்து விடை தேடிய கம்பெனி நெட்ஃபிளிக்ஸ்.

மூன்று நாள் முடக்கம்

2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் டேட்டாபேஸ் கெட்டுப்போனது. அப்போது அதன் முதன்மைத் தொழில், தபாலில் டிவிடி அனுப்புவது. யாருக்கு எந்தப் படம் போக வேண்டும் என்ற விவரமே கிடைக்காமல், மூன்று நாட்கள் ஒரு டிவிடியைக்கூட அனுப்ப முடியவில்லை. இணையம் வழியே படம் காட்டும் சேவையை 2007லேயே தொடங்கியிருந்தார்கள். தபாலாவது இரண்டு நாள் தாமதத்தைப் பொறுக்கும். சோபாவில் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவர் இரண்டு நிமிடம் பொறுக்கமாட்டார்.

பெரிய பெரிய இயந்திரங்களை நம்பியிருக்கும் அமைப்பில் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் என்பது அந்த மூன்று நாட்களில் புரிந்தது. கூட்டம் பெருகும் வேகத்துக்குச் சொந்த டேட்டா சென்டரில் இயந்திரங்களை வாங்கி அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. அமேசான் 2006லிருந்து சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. அங்கே போவதென்று முடிவானது.

போவதற்கு இரண்டு வழிகள். இருக்கும் மென்பொருளை அப்படியே தூக்கி அமேசானின் இயந்திரங்களில் வைத்துவிடலாம். சில மாதங்களில் முடியக்கூடிய வேலை. ஆனால் அது, வீடு மாற்றும்போது கட்டிலோடு மூட்டைப்பூச்சியையும் வண்டியேற்றுவதற்குச் சமம். நெட்ஃபிளிக்ஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. ஒரே பெரிய மென்பொருளாக இருந்ததை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்துப் புதிதாக எழுதினார்கள். ஆரக்கிளில் ஓரிடத்தில் குவிந்திருந்த தரவின் பெரும்பகுதியை, பல இயந்திரங்களில் பிரதியெடுத்து வைக்கும் கசாண்ட்ராவுக்கு மாற்றினார்கள். பணம் வசூலிக்கும் பகுதியைக் கடைசிவரை தொடவில்லை. அதுவும் போய்ச் சேர்ந்து, ஸ்ட்ரீமிங்குக்கான கடைசி டேட்டா சென்டரை மூடியது 2016 ஜனவரியில். அதே மாதம்தான் 130க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே நாளில் கடை விரித்தார்கள்.

வேலை நேரத்தில் ஒரு குரங்கு

வாடகை சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். எந்த டிஸ்க்கை மாற்றுவது, எந்தக் கேபிளைப் பிடுங்கிச் செருகுவது என்று ஓடிப்போய்ப் பார்க்க வழியில்லை. ஆகவே ஒன்று செத்தால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளையே எழுதியாக வேண்டும். எழுதியதாக எல்லோரும் சொல்வார்கள். உண்மையா என்று பார்க்கக் ‘கேயாஸ் மங்கி’ என்ற நிரலை உருவாக்கினார்கள். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்றை அது தானாகவே நிறுத்திவிடும். அதுவும் வார நாட்களில், அலுவலக நேரத்தில். கெடுவது கெடட்டும், எல்லோரும் விழித்திருக்கும்போது கெடட்டும் என்பதுதான் கணக்கு.

பலனும் கிடைத்தது. 2011 ஏப்ரல் 21 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில் டிஸ்க் சேவை படுத்தபோது ரெடிட், குவோரா போன்ற தளங்கள் முடங்கின. நெட்ஃபிளிக்ஸ் பெரிய பாதிப்பில்லாமல் ஓடியது.

ஆபரேஷன்ஸ் ஒழிந்ததா?

இந்தத் தெம்பில்தான் 2012 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸின் கிளவுட் வடிவமைப்பாளர் ஏட்ரியன் காக்ராஃப்ட் ஒரு சர்ச்சையைக் கிளப்பினார். எங்களிடம் நடப்பது டெவ்ஆப்ஸ்கூட இல்லை, ‘நோஆப்ஸ்’ என்றார். கோடு எழுதும் பொறியாளர் யாரிடமும் டிக்கெட் போட்டுக் காத்திருப்பதில்லை. தானே சர்வரை எடுத்து, தானே கோடை ஏற்றி, நள்ளிரவில் அலாரம் அடித்தால் தானே எழுந்திருக்கிறார். கட்டியவரே ஓட்ட வேண்டும் என்று அமேசானின் வெர்னர் வோகல்ஸ் 2006லேயே சொன்னதுதான் இது.

ஆல்ஸ்பா அப்போது எட்ஸியில் இருந்தார். அவருக்குக் கோபம் வந்தது. கொள்ளளவைத் திட்டமிடுவது, கண்காணிப்பது, பழுதிலிருந்து மீள்வது என்று நீங்கள் அடுக்குவதெல்லாம் ஆபரேஷன்ஸ்தான். செய்கிற ஆளை மாற்றிவிட்டு வேலையே இல்லை என்கிறீர்கள் என்று நீண்ட பதில் எழுதினார். என் கணக்கில் ஆல்ஸ்பா பக்கமே நியாயம். நெட்ஃபிளிக்ஸிலேயே கிளவுட் ஆபரேஷன்ஸுக்கும் நம்பகத்தன்மைக்கும் ‘கோர்’ என்று தனிக்குழு ஒன்று இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 24 இந்த வாதத்தை முடித்துவைத்தது. அமேசானில், போக்குவரத்தைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுத் தரும் லோட் பேலன்ஸர்களின் தரவை, ஒரு பராமரிப்பு வேலை தவறுதலாக அழித்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், குடும்பமே டிவி முன் உட்காரும் நேரம். அமெரிக்காவில் ஏராளமான டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் வரவில்லை. தவறு அமேசானுடையது, திட்டு வாங்கியது நெட்ஃபிளிக்ஸ். ஒரே வட்டாரத்தை நம்பியிருந்த வடிவமைப்பு மட்டும் நெட்ஃபிளிக்ஸுடையது. 2013இல் வர்ஜீனியாவிலும் ஓரிகானிலும் ஒரே நேரத்தில் ஓடும்படி அதைத் திருத்தினார்கள். பிறகு ஒரு வட்டாரம் முழுவதையும் வேண்டுமென்றே காலிசெய்து பார்க்கும் ஒத்திகைக்கும் துணிந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் அவர்கள் அமேசானிடம் ஒப்படைக்கவில்லை. உள்நுழைவு, தேடல், பரிந்துரை எல்லாம் அங்கே. ஆனால் பிளே பட்டனை அழுத்தியதும் ஓடும் படம், 2012இல் அறிவித்த ‘ஓப்பன் கனெக்ட்’ வழியாக வருகிறது. படங்களை முன்கூட்டியே நிரப்பிய சொந்தப் பெட்டிகளை இன்டர்நெட் நிறுவனங்களின் வளாகங்களிலேயே வைத்திருக்கிறார்கள். ஏறி இறங்கும் வேலைக்கு வாடகை, ஓயாமல் ஓடும் வேலைக்குச் சொந்தம்.

கிளவுடுக்குப் போனால் இயந்திரம் வாங்குவது, அடுக்குவது, மாதக்கணக்கில் காத்திருப்பது போன்றவை ஒழிகின்றன. கண்காணிப்பும் பழுதுக்குத் தயாராவதும் ஒழிவதில்லை. அவை கோடு எழுதுகிறவரின் மேஜைக்கு நகர்கின்றன. கூடவே மாதாமாதம் வரும் பில்லைப் படிக்கும் புது வேலையும் சேர்கிறது. அந்த மேஜைக்கு அதற்கான நேரத்தையும் அதிகாரத்தையும் கொடுக்காத நிர்வாகம், சர்வரை மட்டும் இடம் மாற்றியிருக்கிறது. பழைய தவறுகளுக்கு இனி வாடகையும் கட்டும்.

அந்தப் பில்லைப் பார்த்துவிட்டு 2022இல் கிளவுடிலிருந்து இறங்கி வர முடிவெடுத்த ‘37சிக்னல்ஸ்’ கதை அடுத்த வாரம்.

(தொடரும்)