பிடியறியும் இயந்திரக் கண்

முன்னறியாப் பொருளை இயந்திரக் கை எவ்வாறு பற்றுகிறது? பொருளின் முழு முப்பரிமாண வடிவத்தை முதலில் அறிதல் வேண்டும் என்பது வழக்கமான கருத்து. ஆயின், ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குவளை போன்றவற்றில் அவ்வழி தடுமாறும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் சக்சேனாவும் உடனாய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழி கண்டது. கணினி வரைகலையால் ஆக்கிய குவளை, பென்சில் முதலியவற்றின் படங்களில் பிடிக்குரிய இடங்களைக் குறித்துக் கணினியைப் பயிற்றினர். பின்னர் அக்கணினி, புதிய பொருளைப் பல கோணங்களில் எடுத்த படங்களில் பிடியிடத்தை இனங்கண்டு, அது வெளியில் அமைந்துள்ள இடத்தைக் கணித்தது. பாத்திரங்கழுவும் இயந்திரத்திலிருந்து கலங்களையும் அக்கை எடுத்தது. ஆக, பொருளின் பெயரும் முழு வடிவும் அறியாமலே அதன் பிடியை அறியலாம். பெயரறிவு வேறு, பயனறிவு வேறு என்பதை மொழி கற்பிக்கும் நாமும் எண்ணிப் பார்த்தல் தகும்.