ஆம்னி பஸ்ஸில் ஒளிந்திருக்கும் ஆங்கிலம்!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஆம்னி பஸ்கள் பறக்கின்றன. அதென்ன ‘ஆம்னி’?

லத்தீன் மொழியில் ‘ஆம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். 1829-ல் லண்டனில், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்று ஓடத் தொடங்கிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர்தான். பிறகு அதன் வால் மட்டும் நிலைத்து ‘பஸ்’ ஆனது.

‘ஆம்னி’ என்றால் ‘எல்லாம்’. இது ஒன்று தெரிந்தால் போதும். ‘ஆம்னிபொட்டன்ட்’ என்றால் எல்லாம் வல்ல. ‘ஆம்னிபிரசன்ட்’ என்றால் எங்கும் நிறைந்த. ‘ஆம்னிவோர்’ என்றால் தாவரம், மாமிசம் இரண்டையும் தின்னும் உயிர், காகத்தைப் போல.

அடுத்து, விழுப்புரம் ஜங்ஷனுக்கு வாருங்கள். மூட்டை சுமப்பவரை ‘போர்ட்டர்’ என்கிறோம். ‘போர்ட்’ என்றால் சுமந்து செல்வது. உள்ளே கொண்டுவந்தால் ‘இம்போர்ட்’, வெளியே கொண்டுபோனால் ‘எக்ஸ்போர்ட்’, கையில் எடுத்துச் செல்ல முடிந்தால் ‘போர்ட்டபிள்’.

பிரித்துப் பொருள் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ‘திந்திரிணி’ என்றால் புளி. புளியமரக் காடாக இருந்ததால்தான் திண்டிவனம் என்பார்கள் ஊரில். ஆங்கிலத்தின் ‘டாமரிண்ட்’கூட அரபியின் ‘தமர் ஹிந்தி’, அதாவது ‘இந்தியப் பேரீச்சை’ என்பதிலிருந்து வந்ததுதான்!

தமிழ் வழியில் படித்து, வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகள் பலர் கணக்கில் அசத்துவார்கள். ஆங்கிலப் பகுதியில் தயங்கி நிற்பார்கள். அகராதியை மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். வேர் தெரிந்தால், பார்த்தே இராத சொல்லையும் ஓரளவு ஊகிக்கலாம். நார்மன் லூயிஸ் 1949-ல் வெளியிட்ட ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ புத்தகம் கையாள்வதும் இந்த வழியைத்தான்.

ஓர் எச்சரிக்கை. வேர் சில சமயம் ஏமாற்றும். ‘டிசம்பர்’ என்றால் பத்தாவது மாதம். பழைய ரோமானியருக்கு ஆண்டு மார்ச்சில் பிறந்ததால் வந்த குழப்பம். அதனால் ஊகித்த பொருளை அகராதியில் சரிபார்த்து, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். தினம் ஒரு வேர், மூன்று சொற்கள் போதும்.

இன்றைய பாடத்துக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஆட்டோ’ என்றால் ‘தானே’, ‘பயோ’ என்றால் ‘வாழ்க்கை’, ‘கிராஃப்’ என்றால் ‘எழுத்து’. அப்படியென்றால் ‘ஆட்டோபயாகிராஃபி’?

பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள்!